வீட்டு சிசிடிவி: மாட்டியதோடு விட்டுவிடாமல் பராமரிப்பது எப்படி?

கேமரா மாட்டி இரண்டு மூன்று வருடம் ஆன பல வீடுகளில் நிலைமை இதுதான்: டிவியில் நான்கு கட்டமாகப் படம் தெரியும், செல்போனிலும் தெரியும், ஆனால் பதிவைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க் எப்போதோ படுத்திருக்கும். வாசலில் நின்ற வண்டி காணாமல் போய், ரெக்கார்டிங்கைத் தேடும் நாளில்தான் அது தெரியவரும். படம் ஓடுவது வேறு, பதிவாவது வேறு. டிஸ்க்கைக் கழற்றியே வைத்துவிட்டாலும் டிவிஆர் (கேமராப் படத்தைப் பதியும் பெட்டி) படம் காட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே கீழே வரும் படிகள் எல்லாம் ஒரே குறிக்கோளுக்காக: வேண்டிய நாளில், சரியான நேரத்தோடு, பதிவு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாக இருக்கும் அமைப்பை வைத்தே எழுதியிருக்கிறோம்: 4 அல்லது 8 கேமரா, ஒரு டிவிஆர், 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (கேமராக்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி), 3+1 கேபிள் (படத்துக்கு ஒரு தடித்த கம்பி, மின்சாரத்துக்கும் ஒலிக்கும் மூன்று மெல்லிய கம்பி), செல்போன் ஆப். விலைகள் தோராயம், ஊரையும் பிராண்டையும் பொறுத்து ஏறும், இறங்கும்.

1. முதல் வாரத்திலேயே வாங்கி வைக்க வேண்டியவை

மாட்டிக் கொடுப்பவர் கடைசித் தவணைப் பணம் வாங்கும் முன் இவற்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பணம் கொடுத்த பிறகு போன் எடுப்பது குறைந்துவிடும்.

உங்கள் பெயரில் ஜிஎஸ்டி பில். அதில் டிவிஆர், ஹார்ட் டிஸ்க், ஒவ்வொரு கேமரா ஆகியவற்றின் சீரியல் எண் இருக்க வேண்டும். "சிசிடிவி செட் 1" என்று ஒரே வரியில் போட்ட பில்லை வைத்துக்கொண்டு வாரண்டி கேட்டால் சர்வீஸ் சென்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஹார்ட் டிஸ்க்கின் வாரண்டியை டிஸ்க் நிறுவனமே தருகிறது. கண்காணிப்புக்கென்று வரும் டிஸ்க்குகளுக்குப் பெரும்பாலும் 3 வருடம். டிவிஆர் வாரண்டி முடிந்தது என்று டிஸ்க்கையும் சேர்த்துக் கைவிட்டுவிடாதீர்கள். மின்னல், தண்ணீர், எலி கடித்தது ஆகியவற்றுக்கு எந்த வாரண்டியும் பொதுவாகச் செல்லாது.

அடுத்தது அட்மின் பாஸ்வேர்ட். இதில்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மாட்டுபவர் எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டைப் போட்டிருப்பார், அல்லது செல்போன் ஆப்பைத் தன் கணக்கில் பதிந்துவிட்டு உங்களுக்கு 'ஷேர்' மட்டும் செய்திருப்பார். இரண்டாவது இன்னும் மோசம். அவர் கணக்கில் இருக்கும்வரை உங்கள் வீட்டை அவரும் பார்க்கலாம்; நாளைக்கு வேறு ஆளை வைத்துச் சரிசெய்யப் போனால், 'இந்தக் கருவி வேறொரு கணக்கில் உள்ளது' என்று ஆப் மறுத்துவிடும். அவர் கையாலேயே அதை விடுவிக்கச் சொல்லி, உங்கள் செல்போன் எண்ணிலும் மின்னஞ்சலிலும் புதிதாகப் பதிந்துகொள்ளுங்கள்.

பாஸ்வேர்டை மாற்றும்போதே, மறந்தால் மீட்பதற்கான மின்னஞ்சலையும் பாதுகாப்புக் கேள்விகளையும் நிரப்பிவிடுங்கள். அவை காலியாக இருந்தால் பாஸ்வேர்ட் மறந்த அன்று டிவிஆரைப் பில்லோடு சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப் போக வேண்டியிருக்கும். கடைசியாக, எந்த கேபிள் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு தாளில் படம் வரைந்து வாங்குங்கள். கன்சீல்டு பைப்புக்குள் போன கேபிளை இரண்டு வருடம் கழித்துத் தேடுவது பெரும்பாடு.

2. மாதம் ஒரு முறை, 15 நிமிடம்

மாதத்தின் முதல் ஞாயிறு என்று ஒரு நாளைக் குறித்துக்கொண்டு செல்போனில் நினைவூட்டல் வையுங்கள். வரிசை இது:

முதலில் டிவிஆர் திரையில் ஓடும் நேரத்தைச் செல்போன் நேரத்தோடு ஒப்பிடுங்கள். பிளேபேக்குக்கு (பழைய பதிவை ஓட்டிப் பார்க்கும் பக்கம்) போய் நேற்றிரவு 2 மணியைத் திறங்கள். ஒவ்வொரு கேமராவையும் தனித்தனியாக ஓடவிட்டுப் பாருங்கள். பகல் பதிவை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். இரவில்தான் கேமராக்கள் கழன்றுகொள்ளும், ஏன் என்பதை 4-ஆம் படியில் சொல்கிறோம். பிறகு காலண்டரில் எவ்வளவு பழைய நாள்வரை பதிவு இருக்கிறது என்று பாருங்கள். போன மாதம் 12 நாள் இருந்தது இந்த மாதம் 4 நாளாகக் குறைந்திருந்தால் டிஸ்க்கிலோ செட்டிங்கிலோ ஏதோ நடந்திருக்கிறது.

கடைசியாக ஒரு நிமிடப் பதிவைப் பென் டிரைவில் எடுத்து, கம்ப்யூட்டரில் போட்டு ஓட்டிப் பாருங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். பல டிவிஆர்கள் ஃபேட் 32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவை மட்டுமே ஏற்கும். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பென் டிரைவ்கள் கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் வேறு முறையில் இருக்கும். 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றை இதற்கென்றே ஃபார்மேட் செய்து டிவிஆர் பக்கத்திலேயே போட்டு வையுங்கள். போலீஸ்காரர் ஹாலில் நிற்கும்போது பென் டிரைவ் தேடி அலைய வேண்டாம்.

நேரம் தவறினால் சும்மா விடாதீர்கள். டிவிஆர் இணையத்தில் இருந்தால் என்டிபி என்ற அமைப்பை ஆன் செய்து, நேர மண்டலத்தை +5:30 என்று வையுங்கள், தானாகச் சரிசெய்துகொள்ளும். ஒவ்வொரு முறை கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய் நின்றால், உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் சிஆர் 2032; விலை நூறு ரூபாய்க்குள். தேதி தவறிய பதிவு பிளேபேக்கில் தேடினாலும் அகப்படாது, வழக்கில் கொடுத்தாலும் கேள்வி கிளம்பும்.

3. ஹார்ட் டிஸ்க்: எத்தனை நாள் தாங்கும், எப்போது மாற்றுவது

கணக்கு எளிது. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 86 ஜிபி. 1 டிபி டிஸ்க்கில் இது சுமார் 11 நாள் நிற்கும். அதே கேமராவை 4 மெகாபிட்டுக்கு ஏற்றினால் ஆறு நாள்கூட வராது. எச்.265 என்ற, படத்தைக் கூடுதலாகச் சுருக்கும் முறையைத் தேர்ந்தெடுத்து 1 மெகாபிட்டுக்குக் குறைத்தால் மூன்று வாரம் வரும், ஆனால் நகரும் முகம் கொஞ்சம் கரையும். வாசல் கேமராவுக்குத் தரத்தைக் கூட்டி, மாடிப்படி, பின்கட்டு கேமராக்களுக்குக் குறைப்பது நல்ல வழி. குறைந்தது 15 நாள் நிற்கும்படி வையுங்கள். பத்து நாள் ஊருக்குப் போய் வந்து, இரண்டு நாள் கழித்து நகை இல்லை என்று கண்டுபிடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

'அசையும்போது மட்டும் பதிவு' என்ற செட்டிங் இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் வாசலில் மரம் இருந்தால் இலை அசைவதையெல்லாம் பதியும். அல்லது உணர்திறனைக் குறைத்து வைத்த வீட்டில் ஆள் நடந்ததையே விட்டுவிடும். வாசல் கேமராவை மட்டுமாவது 24 மணி நேரப் பதிவில் வையுங்கள் என்பதே எங்கள் கருத்து.

டிஸ்க்கின் உடல்நிலையை டிவிஆர் மெனுவிலேயே பார்க்கலாம். ஹெச்டிடி என்ற பக்கத்தில் 'நார்மல்' என்று இருக்க வேண்டும். 'எரர்', 'அன்இனிஷியலைஸ்டு' என்று வந்தால் பதிவு நின்றுவிட்டது. பெரும்பாலான டிவிஆர்களில் அதே பகுதியில் ஸ்மார்ட் என்ற சோதனையும் இருக்கும். டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எத்தனை இடத்தில் பழுது என்று காட்டும். டிவிஆர் விடாமல் பீப் அடித்தால், ஸ்பீக்கரை அணைப்பதற்கு முன் காரணத்தைப் பாருங்கள். டிஸ்க் கோளாறு, பழையதன் மேல் எழுதும் செட்டிங் அணைந்திருந்து டிஸ்க் நிரம்பியது, நெட் அறுந்தது, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். சத்தம் தாங்காமல் எச்சரிக்கையை மொத்தமாக அணைத்துவிட்டு மறந்த வீடுகளில்தான் பதிவில்லாமல் மாதக்கணக்கில் கேமரா ஓடுகிறது.

ஓயாமல் சுழலும் டிஸ்க்கை நான்காவது வருடத்தில் பழுதாகாவிட்டாலும் மாற்றிவிடலாம். வாங்கும்போது கண்காணிப்புக்கென்றே தயாரித்த டிஸ்க்காகக் கேளுங்கள்: டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை. 1 டிபி 4,000 முதல் 6,000 ரூபாய் வரை ஆகலாம். பாதி விலைக்குக் கிடைத்தால் அது பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியதாக இருக்க வாய்ப்பு அதிகம். மாட்டியவுடன் ஸ்மார்ட் பக்கத்தைத் திறந்து ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள். புதிய டிஸ்க்கில் அது ஒற்றை இலக்கத்தில் இருக்கும். ஆயிரக்கணக்கில் இருந்தால் அன்றே கடைக்குப் போய்த் திருப்பிக் கொடுங்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் உள்ளூர்க் கடையில் வாங்கினாலும் இதுதான் முறை.

டிவிஆரை மூடிய அலமாரிக்குள், செட்டாப் பாக்ஸ் மேல், துணி மூடி வைக்கும் பழக்கம் டிஸ்க்கைக் கொல்லும். நான்கு பக்கமும் ஒரு கையளவு இடம் விடுங்கள். அதற்காகத் திருடன் கண்ணில் படும்படி ஹாலில் டிவிக்குக் கீழேயும் வைக்க வேண்டாம். பூட்டக்கூடிய, காற்றுத் துளை உள்ள இரும்பு ரேக் நல்லது.

4. பகலில் படம் வருகிறது, இரவில் போய்விடுகிறது

புதிதாக வைத்திருப்பவர்களை அதிகம் அலைக்கழிக்கும் பழுது இதுதான். கேமரா போய்விட்டது என்று சொல்லிப் புதிய கேமராவை விற்றுவிடுவார்கள். காரணம் பெரும்பாலும் மின்சாரம்.

இருட்டியதும் கேமராவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும். பகலில் இழுத்ததைவிட அதிக மின்னோட்டம் தேவை. 3+1 கேபிளில் மின்சாரம் போகும் கம்பிகள் மெல்லியவை. செம்பு பூசிய அலுமினியக் கம்பியாக இருந்தால் இழப்பு இன்னும் அதிகம். 30 மீட்டர் தாண்டிய கேமராவுக்கு எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் கிளம்பினாலும் போய்ச் சேரும்போது பத்தோ பத்தரையோதான் இருக்கும். கேமரா அணையும், விளக்கு அணைந்ததால் மின்னழுத்தம் ஏறும், மறுபடி எழும், மறுபடி அணையும். திரையில் சில நொடிக்கு ஒரு முறை படம் வந்து வந்து போவது இதனால்தான்.

சோதிக்க இரவுவரை காத்திருக்க வேண்டாம். பகலிலேயே கேமராவின் முகப்பைக் கையால் முழுவதும் மூடுங்கள். இருட்டு என்று நினைத்து விளக்குகள் சிவப்பாகப் பூக்கும். கேமரா இணைப்பில் இருக்கும்போதே டிசி பின் (மின்சார முனை) பக்கத்தில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் குற்றவாளி கேபிளோ எஸ்எம்பிஎஸ்ஸோதான். 3+1 கேபிளில் பயன்படாமல் கிடக்கும் கம்பியை இரு முனையிலும் பிளஸ்ஸோடு சேர்த்து முறுக்கினால் இழப்பு குறையும். சில எஸ்எம்பிஎஸ்களில் சிறு திருகு ஒன்று இருக்கும். அதைத் திருப்பி 12.5 அல்லது 13 வோல்ட்டுக்கு ஏற்றலாம். அதற்கு மேல் போகாதீர்கள், பக்கத்தில் இருக்கும் கேமராவுக்கும் அதே வோல்ட்தான் போகும். இரண்டும் பலிக்காவிட்டால் அந்தக் கேமராவுக்கு மட்டும் அருகிலேயே தனி 12 வோல்ட் அடாப்டர்.

எல்லாக் கேமராவும் ஒரே நேரத்தில் மினுக்கினால் எஸ்எம்பிஎஸ்ஸே தளர்ந்துவிட்டது. 4 கேமராவுக்கு 5 ஆம்பியர், 8 கேமராவுக்கு 10 ஆம்பியர் என்பது கணக்கு. நான்கு கேமராவுக்கான எஸ்எம்பிஎஸ் 400 முதல் 900 ரூபாய். இதைத் திறந்து கெப்பாசிட்டர் மாற்றுவதைவிடப் புதிது போடுவது மலிவு. ஒரு எச்சரிக்கை: எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் 230 வோல்ட் இருக்கிறது, கைவைக்கும் முன் மெயினை அணையுங்கள். காற்றுத் துளை வழியாகப் பல்லி நுழைந்து கருகிச் செத்து, அதோடு எஸ்எம்பிஎஸ்ஸும் போவது நம்மூரில் சகஜம். துளைகள் மேல் கொசுவலைத் துண்டு ஒன்றை ஒட்டினால் போதும், காற்றும் போகும்.

இன்வெர்ட்டரில் இணைத்திருந்தால், கரண்ட் போகும் நொடியில் டிவிஆர் ஒரு முறை அணைந்து எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால், இன்வெர்ட்டரின் பின்புறமோ முன்புறமோ இருக்கும் சுவிட்சை 'யுபிஎஸ்' நிலைக்கு மாற்றுங்கள். இப்படி அணைந்து எழுவது டிஸ்க்குக்குக் கெடுதல். இணைய ரவுட்டரையும் அதே இன்வெர்ட்டர் பாயின்ட்டில் போடுங்கள். நான்கு கேமரா, டிவிஆர், ரவுட்டர் எல்லாம் சேர்ந்து 50 வாட் அளவுதான். பழைய சீலிங் ஃபேன் ஒன்று இழுப்பதைவிடக் குறைவு.

5. 'வீடியோ லாஸ்' (படம் வரவில்லை) என்று வந்தால் தேடும் வரிசை

ஆளைக் கூப்பிட்டால் வருகைக்கே 300 முதல் 600 ரூபாய். அதற்கு முன் இந்த மாற்றிப் பார்க்கும் சோதனையை நீங்களே செய்யலாம்.

படம் வராத கேமராவின் பிஎன்சியை (டிவிஆரின் பின்னால் செருகும் வட்ட உலோக முனை) கழற்றி, படம் வரும் வேறொரு சேனலின் துளையில் செருகுங்கள். அங்கே படம் வந்தால் டிவிஆரில் முதலில் செருகியிருந்த துளை போயிருக்கிறது. வராவிட்டால், கேமரா பக்கம் போய் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். விளக்கும் இல்லை என்றால் மின்சாரப் பக்கம் தேடுங்கள். விளக்கு எரிந்தும் படம் இல்லை என்றால் பிஎன்சி முனைகள். கேமராவைக் கழற்றி வந்து டிவிஆர் பக்கத்திலேயே சின்ன கேபிளில் போட்டுப் பார்த்தால் கேமராவா கேபிளா என்பது தீர்ந்துவிடும்.

பத்தில் எட்டு முறை பிஎன்சிதான் என்று சொல்லும் அளவுக்கு அந்த முனை பலவீனமானது. நடுக் கம்பி முறிந்திருக்கும், அல்லது மேல் வலைக் கம்பியின் ஒரு இழை நடுக் கம்பியைத் தொட்டிருக்கும், அல்லது பச்சைப் பாசி போலக் களிம்பு ஏறியிருக்கும். களிம்பு ஏறியதைச் சுரண்டிப் போடுவதில் பயனில்லை; இரண்டு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டுப் புதிய முனை போடுங்கள். ஒன்று 20 முதல் 40 ரூபாய். இதற்காகத்தான் ஒவ்வொரு கேமராவுக்குப் பின்னும் ஒரு அடி கேபிள் உபரியாகச் சுருட்டி விட்டிருக்க வேண்டும்.

படத்தில் கோடுகள் மேலும் கீழும் மெல்ல நகர்ந்தால் பிஎன்சியைக் குறை சொல்லாதீர்கள். கேமராவின் உலோக உடல் இரும்புக் கிரில்லையோ கூரைத் தகட்டையோ தொட்டு, இரண்டு இடத்தில் எர்த் ஆகிறது. கேமராவுக்கும் கிரில்லுக்கும் நடுவே பிவிசி பெட்டியோ மரத்துண்டோ வைத்தால் நின்றுவிடும். டிவிஆரைத் தொட்டால் சுர்ரென்று இருந்தால் மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக மாற்றியிருக்கிறார்கள், அல்லது பாயின்ட்டில் எர்த் இல்லை; எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டிய வேலை அது.

நெட்வொர்க் கேபிளில் இயங்கும் ஐபி கேமராவில் பிஎன்சி கிடையாது; ஆர்ஜே 45 முனை, கேட் 6 கேபிள். பிஓஇ சுவிட்சிலிருந்து (அதே கேபிளில் மின்சாரமும் அனுப்பும் பெட்டி) கேமராவரை மொத்தம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும். படம் விட்டு விட்டு வந்தால் முனையை மறுபடி கிரிம்ப் செய்து பாருங்கள்.

6. சிலந்தி, தூசி, பெயிண்டர்

இரவில் படம் வெண்புகையாகத் தெரிந்தால் கேமரா பழுதில்லை. முன்னால் ஒரு சிலந்தி இழை இருக்கும். அகச்சிவப்பு விளக்கின் வெளிச்சம் அந்த ஒற்றை இழையில் பட்டுத் திரும்பி, திரை முழுவதையும் வெளுத்துவிடும். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், பின்னாலேயே பல்லி வரும். நீளமான குச்சியில் மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷைக் கட்டி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தட்டிவிடுங்கள். தொல்லை ஓயவில்லை என்றால் கேமராவிலிருந்து நான்கைந்து அடி தள்ளி ஒரு வாசல் விளக்கை இரவெல்லாம் எரியவிடுங்கள். பூச்சி அந்தப் பக்கம் போய்விடும், படமும் தெளியும்.

கண்ணாடியைத் துடைக்கும்போது முதலில் தூசியை ஊதி நீக்குங்கள். தூசியோடு தேய்த்தால் கீறல் விழும். பிறகு மைக்ரோஃபைபர் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து துடையுங்கள். டோம் கேமராவின் மூடி பிளாஸ்டிக். அதில் கடுமையான கண்ணாடி கிளீனர், தின்னர் எதுவும் படக் கூடாது. விரல் ரேகைகூட இரவில் வெள்ளைத் திட்டாகத் தெரியும்.

பொங்கலுக்கு வெள்ளையடித்த பிறகு ஒவ்வொரு கேமராவின் கோணத்தையும் கட்டாயம் பாருங்கள். பெயிண்டர்கள் கேமராவைத் திருப்பி வைத்துவிட்டு வேலை முடிந்ததும் அப்படியே போய்விடுவார்கள். வாசலைப் பார்த்த கேமரா சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். வேலை தொடங்கும் முன் எல்லாக் கோணத்தையும் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், ஒப்பிட்டுத் திருப்பிவிடலாம். திருப்பும்போது எதிர்வீட்டு ஜன்னலோ மாடியோ படத்துக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'பிரைவசி மாஸ்க்' என்ற வசதியால் அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கலாம்.

7. மழைக்கு முன், இடிக்கு முன்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பருக்குள் வெளி வேலைகளை முடித்துவிடுங்கள். அக்டோபரில் கூப்பிட்டால் ஆள் கிடைப்பது கடினம். வெளியே இருக்கும் எல்லா இணைப்பும் பிவிசி பெட்டிக்குள் போயிருக்க வேண்டும். கேபிள் பெட்டிக்குள் மேலிருந்து நேராக நுழையக் கூடாது, நீர் கேபிளோடு வழிந்து உள்ளே வந்துவிடும். ஒரு வளைவு கீழே தொங்கி, அடியிலிருந்து ஏறி நுழைய வேண்டும். பெட்டியின் மேல் விளிம்பிலும் இரு பக்கமும் சிலிக்கான் பூசுங்கள், அடிப்பக்கத்தை விட்டுவிடுங்கள். உள்ளே சேரும் ஈரம் வெளியேற வழி வேண்டும்.

கண்ணாடிக்கு உள்ளே பனி படிந்தால் ரப்பர் வளையம் போய்விட்டது. கழற்றி ஒரு நாள் உலரவிட்டு, வளையத்தை மாற்றி, சின்ன சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்து மூடுங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்று இரும்புத் திருகை வேகமாகத் தின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகுத் திருகு போடுவது நல்லது.

இடி விஷயத்தில் ஏப்ரல், மே கோடை மழையும் ஆபத்தே. நேரடியாக வீட்டில் விழ வேண்டியதில்லை. பக்கத்தில் விழுந்தாலே மொட்டைமாடியில் நீண்டு கிடக்கும் கேபிளில் மின்னழுத்தம் எகிறி டிவிஆர் துளைகளை எரித்துவிடும். கேபிளை இடிதாங்கிக் கம்பிக்கு அருகே கட்டாதீர்கள். எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் இடையே 3 வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லுங்கள்; கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும், தண்ணீர் ஊற்றச் சொல்லுவது அதனால்தான். திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் ப்ரொடெக்டர் போடுங்கள். கடும் இடி வரும்போது வீட்டில் இருந்தால் டிவிஆரை மெனு வழியாக அணைத்து, பிளக்கையும் லேன் கேபிளையும் பிடுங்கி வையுங்கள்.

8. இணையம், ஆப், வைஃபை கேமரா

வீட்டில் எல்லாருக்கும் அட்மின் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். பார்க்க மட்டும் அனுமதி உள்ள தனிப் பயனரை உருவாக்கி அதைக் கொடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கும் அதுவே போதும். ரவுட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' (டிவிஆரை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடுவது) செய்துதான் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். நிறுவனத்தின் ஆப் வழியாகவே பார்க்கலாம். இணையத்தில் நேரடியாகத் திறந்துவிட்ட டிவிஆர்களை இயந்திரங்கள் இரவு பகலாகத் தேடிக்கொண்டிருக்கின்றன. 2016-இல் மிராய் என்ற தீநிரல் பரவியதே தொழிற்சாலைப் பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களாலும் டிவிஆர்களாலும்தான். வருடத்துக்கு ஒரு முறை ஃபர்ம்வேர் (கருவிக்குள் இயங்கும் மென்பொருள்) புதிது வந்திருக்கிறதா என்று ஆப்பில் பாருங்கள். அந்தப் புதுப்பிப்பு ஓடும்போது கரண்ட் போகாதபடி இன்வெர்ட்டர் இருக்கட்டும்.

இணைய நிறுவனத்தை மாற்றினால் வைஃபை கேமராக்கள் எல்லாம் அறுந்துபோகும். புதிய ரவுட்டரில் பழைய வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு எழுத்து மாறாமல் அப்படியே வைத்துவிட்டால் கேமராக்கள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். ஏணி போட்டு ஏற வேண்டாம். பல வைஃபை கேமராக்கள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்கும், அதை அணைத்துவிடாதீர்கள். அவற்றில் போடும் மெமரி கார்டு 'ஹை எண்டியூரன்ஸ்' வகையாக இருக்கட்டும். சாதாரணக் கார்டு ஓயாமல் எழுதி அழித்துச் சீக்கிரம் செத்துவிடும், கேமராவோ ஒன்றும் சொல்லாமல் படம் காட்டிக்கொண்டிருக்கும்.

9. அலாரமும் டிஜிட்டல் பூட்டும் இருந்தால்

சிம் போட்ட அலாரப் பெட்டிகளில் பழையவை 2ஜியில் மட்டுமே வேலை செய்யும். ஜியோ சிம் அதில் எடுக்காது. எந்த சிம் ஆனாலும் 90 நாள் பயன்படுத்தாமல், பேலன்ஸும் இல்லாமல் விட்டால் எண்ணே போய்விடலாம். ரீசார்ஜ் தேதியை நினைவூட்டலில் போடுங்கள். உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரியை மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். நடு இரவில் காரணமில்லாமல் அலறினால் அசைவு உணரியின் மேல் பல்லி ஊர்ந்ததா என்று முதலில் பாருங்கள்.

டிஜிட்டல் பூட்டுக்கு ஆல்கலைன் பேட்டரி நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள், பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். பூட்டோடு வரும் அவசரச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு வெளியே நிற்பவர்கள் பலர். ஒரு சாவி நம்பிக்கையான உறவினர் வீட்டில் இருக்கட்டும். மழைக்காலத்தில் மரக்கதவு ஊதிப் பூட்டின் நாக்கு இறுகினால் மோட்டார் திணறி பேட்டரி தீரும். சட்டத்தில் உள்ள தகட்டைச் சற்று அகலப்படுத்தச் சொல்லுங்கள்.

10. ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடலாமா?

நான்கு கேமரா வீட்டுக்குக் கூலி மட்டும் அடங்கிய ஒப்பந்தம் வருடத்துக்கு 1,500 முதல் 3,000 ரூபாய் வரை கேட்பார்கள், ஜிஎஸ்டி தனி. மேலே சொன்னவற்றை நீங்களே செய்வீர்களானால் அது தேவையில்லை. பழுதுக்கு மட்டும் கூப்பிடுவது மிச்சம். வயதான பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டுக்குப் போடுவது நல்லது. போடுவதானால் நான்கு விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: வருடத்துக்கு எத்தனை வருகை, புகார் சொன்னால் எத்தனை மணி நேரத்துக்குள் வருவார்கள், எந்த உதிரிபாகம் அடங்கும், ஒவ்வொரு வருகையிலும் பிளேபேக்கை ஓட்டிக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்களா. கடைசியைப் பலரும் ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள், வற்புறுத்துங்கள். புதிய கேமரா வாங்கும்போது பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

11. ஏதாவது நடந்துவிட்டால்

முதலில் 100 அல்லது 112. அடுத்து, பதிவு அழியாமல் காப்பது. டிஸ்க் நிரம்பியதும் டிவிஆர் பழையதன் மேல் எழுதும். சம்பவம் ஒரு வாரம் முந்தையது என்றால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். டிவிஆர் திரையில் ஓடும் நேரமும் செல்போன் நேரமும் ஒரே படத்தில் விழும்படி ஒரு புகைப்படம் எடுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் எழுதி வையுங்கள், டிவிஆர் நேரத்தை அப்போது திருத்தாதீர்கள். சம்பவத்துக்கு அரை மணி முன்னிருந்து எல்லாக் கேமராப் பதிவையும் எடுங்கள். திருடன் வந்த கேமராவை மட்டும் எடுத்துவிட்டு, வண்டியை நிறுத்திய தெரு கேமராவை விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. இரண்டு பிரதிகள் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மட்டும் நம்ப வேண்டாம், அது படத்தைச் சுருக்கிவிடும். வண்டி எண் அதில்தான் கரையும்.

நீதிமன்றத்துக்குப் போகும்போது வெறும் பென் டிரைவ் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு சான்றிதழ் கேட்கிறது. அதில் இரண்டு பகுதி: ஒன்றைக் கருவியை வைத்திருக்கும் நீங்கள் நிரப்ப வேண்டும், மற்றதை நிபுணர் ஒருவர் நிரப்ப வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீடு), கருவியின் மாடல், சீரியல் எண் எல்லாம் அதில் கேட்கப்படும். மாதிரிப் படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. முதல் படியில் வாங்கி வைத்த பில் இங்கே கைகொடுக்கும்.

போலீசார் டிவிஆரையே எடுத்துச் செல்வதானால் பிளக்கைப் பிடுங்காமல் மெனு வழியாக அணைத்துக் கொடுங்கள். பறிமுதல் மகஜரில் டிவிஆர், டிஸ்க் இரண்டின் சீரியல் எண்ணும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். கருவி திரும்பி வர மாதங்கள் ஆகலாம். கேமராக்களும் கேபிளும் அப்படியே இருப்பதால், அதே சேனல் எண்ணிக்கையில் ஒரு டிவிஆரும் டிஸ்க்கும் மட்டும் வாங்கி அன்றே இணைத்துவிடுங்கள். ஒரு முறை உள்ளே புகுந்த வீட்டுக்கு மறுபடி வருபவர்கள் உண்டு.